ஒட்டைச்சிவிங்கியின் உருவம்

உலகத்து விலங்குகளுள், ஒருமுறை கண்டாரும், படத்திலேனும் பார்த்தாரும், பின் ஒருகாலும் மறவாத உருவமுடையது ஒட்டைச்சிவிங்கி. ஐந்து வயதுக் குழந்தையும் அதன் பெயரைத் தயங்காது கூறும். ஆயின், அதன் கால் எவ்வாறு அமைந்துள்ளது, கொம்பு எத்தன்மையது, மேனியிலுள்ள புள்ளிகள் எவ்வடிவின என்று வினவுவோமாயின், கற்றாரும் சிறிது விழிக்கவே நேரும். நீண்ட கழுத்து என்னும் ஒன்றைக் கண்டவுடன் நம் கண் நிறைவெய்திவிடுகின்றது. எஞ்சியவற்றை நோக்கவேண்டும் என்னும் எண்ணமே எழுவதில்லை. பார்த்தல் வேறு, நோக்குதல் வேறு. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையையும், அவ்வேற்றுமையால் ஒரு விலங்கினத்துக்கு விளைந்த தீங்கையும் இவ்வுருவத்தைக் கொண்டே ஒருவாறு விளக்க முயல்வோம்.

பெயர்

ஒட்டை என்பது ஒட்டகத்துக்கு மற்றொரு பெயர். சிவிங்கி என்பது, முற்காலத்து அரசர் மான்வேட்டைக்குப் பழக்கிவந்த புள்ளிகளையுடைய வேட்டைச்சிறுத்தை. ஆகவே, ஒட்டைச்சிவிங்கி என்பது இரண்டு விலங்குகளை ஒன்றோடொன்று பொருத்தி அமைத்த பெயராகும். இதற்கு நேரான பெயரையே பண்டைக் கிரேக்கரும் உரோமரும் வழங்கினர். காமெலோபார்தாலிஸ் என்னும் அவர்தம் சொல்லுக்கும் ஒட்டகமும் சிறுத்தையும் கூடியது என்பதே பொருள். கி. மு. 46-இல் ஜூலியஸ் ஸீஸர் தம் வெற்றிவிழாவின்போது உரோமாபுரி மக்களுக்கு இவ்விலங்கு ஒன்றைக் காட்டினார். வடிவத்தால் ஒட்டகத்தையும் புள்ளிகளால் சிறுத்தையையும் நினைப்பூட்டியமையின், அவ்விரண்டின் கலப்பெனவே பலர் அதனைக் கருதினர்.

கி. பி. 1414-இல் வங்காளத்து ஸுல்தான் சீனப் பேரரசராகிய யுங்லோ என்பாருக்கு ஓர் ஒட்டைச்சிவிங்கியைக் காணிக்கையாக அனுப்பினார். ஆபிரிக்காவிலே பிறந்து, கடல் கடந்து வங்காளம் புகுந்து, பின்னும் கடல் கடந்து சீனம் சென்ற அவ்விலங்கைக் கண்ட சீனர், தம் பழங்கதைகளில் நல்லரசரின் காலத்தில் மாத்திரமே தோன்றும் என்று கூறப்படும் கிலின் என்னும் மங்கல விலங்கே வந்துற்றது என மகிழ்ந்து போற்றினர். 1758-இல், உயிர்களை வகைப்படுத்திய பேரறிஞராகிய லின்னேயஸ் இதனை மானினத்தோடு சேர்த்தெழுதினார். 1827-இல், எகிப்து நாட்டு அதிபதி பிரெஞ்சு மன்னருக்கு அனுப்பிய ஒட்டைச்சிவிங்கி, மார்ஸேய் துறைமுகத்திலிருந்து பாரிஸ் வரை கால்நடையாகவே நடத்திச் செல்லப்பட்டது. அந்நகரத்துப் பெண்டிர் அதனைக் கண்ட வியப்பில் தம் கூந்தலையும் உயர்த்தி முடித்துக்கொண்டனர்.

இவ்வாறு, ஒருவர் ஒட்டகத்தைக் கண்டார். மற்றொருவர் தெய்வவிலங்கைக் கண்டார். இன்னொருவர் மானைக் கண்டார். பின்வந்தோர் கூந்தலொப்பனையைக் கண்டனர். ஒட்டைச்சிவிங்கியை ஒட்டைச்சிவிங்கியாகவே கண்டவர் மிகச் சிலர். உண்மையில் அதற்கு ஒட்டகத்தோடும் சிறுத்தையோடும் நெருங்கிய உறவு ஒன்றும் இல்லை. இன்று உயிரோடிருக்கும் நெருங்கிய சுற்றம், காங்கோ நாட்டு அடர்ந்த காடுகளில் வாழும் ஒகாபி என்னும் விலங்கே. 1901-இல்தான் அறிவியலுலகு அதனை அறிந்தது. அஃது ஏறத்தாழக் குதிரையின் உயரமே உடையது. கழுத்தும் அத்துணை நீளமன்று. மேனி கரும்பழுப்பு நிறம். தொடைகளிலும் கால்களிலும் வெள்ளை வரிகள் உண்டு. உறவினரைத் தோற்றத்தைக் கொண்டே அறிந்துவிட இயலாது என்பதற்கு இது தக்க சான்று.

கழுத்து

முழுவளர்ச்சி பெற்ற ஆண் ஒட்டைச்சிவிங்கி 18 அடி உயரம் வரையிலும், பெண் 14 அல்லது 15 அடி உயரமும் வளர்வதுண்டு. அவ்வுயரத்தில் கழுத்தின் நீளம் மாத்திரம் ஏறத்தாழ 6 அடி. அத்துணை நீண்ட கழுத்தில் எத்தனை எலும்புகள் இருத்தல்கூடும் என்று கேட்டால், இருபது என்பாரும் முப்பது என்பாரும் உளர். உண்மையில் இருப்பவை ஏழே. நம் கழுத்திலும் ஏழு. எலியின் கழுத்திலும் ஏழு. ஒட்டைச்சிவிங்கியின் கழுத்தெலும்பு ஒவ்வொன்றும் 10 அங்குலத்துக்கு மேலாக நீண்டிருக்கின்றது, அவ்வளவே வேற்றுமை. இவ்வேழுக்கும் அடுத்துள்ள முதல் மார்பெலும்பும் மற்றை விலங்குகளில் இருப்பதினும் மிகுதியாக அசைந்துகொடுத்துக் கழுத்துக்குத் துணைபுரிகின்றது என்பதை ஜப்பானிய ஆராய்ச்சியாளர் 2016-இல் வெளியிட்டனர்.

கழுத்து மேல்நோக்கி நிற்பது பெருமுயற்சியால் என்று தோன்றும். அதுவும் கண்ணின் மயக்கமே. பிடரியின் வழியாக, தலையின் பின்புறத்திலிருந்து முதுகு வரை, மிக வலியதும் மீள்தன்மை உடையதுமான பந்தகம் ஒன்று ஓடுகின்றது. ஏற்றமரத்தில் பின்பாரம் முன்பாரத்தைத் தூக்கி நிறுத்துதல் போல, இப்பந்தகம் தலையையும் கழுத்தையும் எந்நேரமும் மேலிழுத்து நிற்கின்றது. ஆகவே, தலையை நிமிர்த்தல் அதற்கு எளிது, தாழ்த்தலே அரிது. தோளின்மேல் திமில்போல் உயர்ந்து தோன்றும் மேடு, இப்பந்தகமும் தசைகளும் பற்றிக்கொள்ளும் பொருட்டு முதுகெலும்புகளின் முட்கள் ஓங்கி வளர்ந்தமையால் உண்டாயது.

இனி, உயர்ந்த தலைக்கு இரத்தம் ஏறவேண்டுமன்றோ? மாடியிலுள்ள தொட்டிக்கு நீரேற்றுவதற்கு வலிய பொறி வேண்டுமாறு போல, ஒட்டைச்சிவிங்கியின் இருதயமும் மனிதர்க்குள்ளதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு அழுத்தத்தில் இரத்தத்தைச் செலுத்துகின்றது. இதனால் அதன் இருதயம் மிகப் பெரியதாயிருக்கும் என நெடுங்காலம் நூல்கள் எழுதிவந்தன. நிறுத்துப் பார்த்தபோது, உடலின் எடையோடு ஒப்பிடுமிடத்து அது மற்றை விலங்குகளின் இருதயத்தினும் பெரிதன்று என்பது புலனாயிற்று. பெருமை அளவில் இல்லை; சுவரின் தடிப்பில் இருக்கின்றது.

கால்கள்

மேல் நோக்கிய இரத்தத்துக்கு இவ்வழுத்தம் வேண்டுமாயின், கீழ் நோக்கிய இரத்தத்தின் நிலை யாது? கால்களில் இரத்தம் தேங்கி வீங்கிவிடவேண்டும் அல்லவா? வீங்குவதில்லை. காலின் தோலும் அதனடியிலுள்ள சவ்வும் மிகத் தடித்து, இறுக்கிக் கட்டிய துணிப்பட்டை போலக் காலைச் சுற்றி அமைந்திருக்கின்றன. மெலிந்து நீண்டு அழகாகத் தோன்றும் அக்காலின் வடிவம் இவ்விறுக்கத்தின் பயனும் ஆகும். கழுத்தின் நீளத்தை வியப்பவர் காலின் தோலையும் உடன் வியத்தல் வேண்டும். ஒன்றின்றி மற்றொன்று நில்லாது.

முன்னங்கால்கள் பின்னங்கால்களினும் மிக நீண்டவை என்பது பொதுவான எண்ணம். முதுகு தோளிலிருந்து வாலை நோக்கிச் சரிந்திருத்தலே இவ்வெண்ணத்துக்குக் காரணம். அளந்து பார்க்குமிடத்து நீளவேற்றுமை சிறிதே. மேற்கூறிய முதுகெலும்பு முட்களின் உயர்ச்சியும் மார்பின் ஆழமுமே சரிவைப் பெரிதாக்கிக் காட்டுகின்றன. மற்றொரு மயக்கமும் உண்டு. முன்காலின் நடுவில் முழங்கால் போல மடங்கும் மூட்டு முழங்கால் அன்று; நம் மணிக்கட்டுக்கு நேரானது. அதற்குக் கீழே நீண்டு செல்வது, நம் உள்ளங்கை எலும்புகளுக்கு ஒப்பானது. ஒட்டைச்சிவிங்கி தன் விரல்நுனிகளின்மேல் நடக்கின்றது என்றால் தவறாகாது. ஒவ்வொரு குளம்பும் ஏறத்தாழ ஓர் அடி அகலமுடையது. அதன் உதை சிங்கத்தையும் கொல்லவல்லது.

நடையும் உருவத்துக்கேற்றதே. மெல்ல நடக்கும்போது ஒரு பக்கத்து இரு கால்களும், பின்னர் மறுபக்கத்து இரு கால்களும் ஏறக்குறைய ஒருங்கே எழும். ஓடுங்கால் கழுத்து முன்னும் பின்னும் ஊசலாடி உடலின் நிறையைச் சமன்செய்யும். தொலைவிலிருந்து காண்பார்க்கு மந்தமாகத் தோன்றும் அவ்வோட்டம் மணிக்கு 50 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட விரைவுடையது.

நீருண்ணும்போதுதான் இவ்வுருவத்தின் இடர்ப்பாடு வெளிப்படும். கால்கள் நீண்டிருப்பதால், கழுத்து அத்துணை நீண்டிருந்தும் நிலத்தை எட்டுவதில்லை. முன்கால்களை இருபுறமும் அகல விரித்தோ, மடித்தோதான் தலையை நீருக்குத் தாழ்த்த இயலும். தலை தாழ்ந்தவுடன் மூளைக்குப் பாயும் இரத்தத்தை மூளையின் அடியிலுள்ள நுண்குழாய் வலை ஒன்று தணிக்கின்றது; கழுத்தின் பெருஞ்சிரையிலுள்ள தடுக்கிதழ்கள் இரத்தம் தலைக்குத் திரும்பாவண்ணம் காக்கின்றன. இந்நிலையில் சிங்கம் பாய்ந்தால் விரைந்து எழுதல் அரிது. ஆதலின் அது நாற்றிசையும் பலகால் நோக்கி, ஐயம் தீர்ந்த பின்னரே நீரில் வாய்வைக்கும்.

தலை

தலையின்மேல் இருப்பவற்றைக் கொம்பு என்கின்றோம். ஆட்டின் கொம்பும் மாட்டின் கொம்பும் போல அவற்றின்மேல் உறையில்லை; மான்கொம்பு போல ஆண்டுதோறும் உதிர்வனவும் அல்ல. தோலும் மயிரும் போர்த்த எலும்பு முளைகளே அவை. ஆண், பெண் இரண்டுக்கும் அவை உண்டு. கன்று பிறக்கும்பொழுது அவை மென்மையான குருத்தெலும்பாய், மண்டையோடு ஒட்டாது, தலையோடு தலையாகப் படிந்து கிடக்கும். பின்னர் நிமிர்ந்து, எலும்பாகி, மண்டையோட்டுடன் இணையும். பெண்ணின் கொம்புநுனியில் கருமயிர்க் குஞ்சம் இருக்கும். ஆண்கள் தம்முள் பொரும்போது கழுத்தை வீசித் தலையால் மோதுவதால், அவற்றின் கொம்புநுனி மயிரிழந்து வழுக்கையாய்விடும். ஆணின் நெற்றியில் மூன்றாவது புடைப்பு ஒன்றும் எழுவதுண்டு. ஆகவே, நெடுந்தொலைவில் நிற்பது ஆணோ பெண்ணோ என்பதைக் கொம்பின் நுனியைக் கொண்டே அறியலாம்.

நா ஏறத்தாழ 18 அங்குல நீளமுடையது. நுனிப்பாகம் கருநீல நிறம். வேலமரத்தின் நீண்ட முட்களுக்கிடையே புகுந்து இலையை வளைத்துப் பறிக்கும்போது நா நாள்முழுதும் வெயிலில் நீண்டிருத்தலின், வெயிலின் கொடுமையைத் தாங்கவே இந்நிறம் அமைந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. உதடுகள் தடித்தவை, மூக்குத்துளைகளை வேண்டும்போது மூடிக்கொள்ளலாம், கண்கள் நிலவாழ் விலங்குகளின் கண்களுள் மிகப் பெரியனவற்றைச் சேர்ந்தவை. அவை தலையின் இருபக்கத்திலும் புடைத்திருத்தலால், தலையைத் திருப்பாமலே மிகப் பரந்த வெளியைக் காண்கின்றன. உடலின் மறுமுனையிலுள்ள வாலோ நீண்ட கருமயிர்க் கற்றையில் முடிவது. அவ்வால் செயற்கையாகச் செய்த ஈயோட்டி போலிருக்கின்றது என டார்வின் 1859-இல் தம் நூலிற் குறிப்பிட்டார்.

மேனி

இனிப் புள்ளிகளுக்கு வருவோம். அவை வெறும் அணிகலன் அல்ல. இலைநிழலில் நிற்கும் விலங்கைப் பகைவர் கண்ணுக்கு மறைத்தல் அவற்றின் ஒரு பயன். மற்றொன்று தோலைக் கீறிப் பார்த்தோர்க்கே புலனாயிற்று. ஒவ்வொரு புள்ளியின் அடியிலும், அதனைச் சுற்றிலும், இரத்தக்குழாய்கள் தனியே பின்னிக் கிடக்கின்றன. உடல் வெப்பம் மிகும்போது அவ்வழியே இரத்தத்தைப் பாய்ச்சி, வெப்பத்தை வெளிவிடும் பலகணிகளாக அப்புள்ளிகள் பயன்படுகின்றன என்று கருதுகின்றனர்.

ஒரு விலங்கின் புள்ளிகள் மற்றொன்றின் புள்ளிகளை முற்றும் ஒத்திருப்பதில்லை. பிறந்தபோது இருந்த வடிவமே இறக்கும்வரையும் இருக்கும். வயது முதிர முதிர ஆண்களின் நிறம் கருத்து வருவதுண்டு, வடிவம் மாறுவதில்லை. மனிதர்க்குக் கைரேகை எவ்வாறோ, அவ்வாறே இதற்குப் புள்ளி. ஆராய்ச்சியாளர் விலாப்புறத்தைப் படமெடுத்துக் கணினியின் துணையால் ஒப்பிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியே இனங்கண்டு, ஆண்டுதோறும் அது எங்குள்ளது, கன்று ஈன்றதா என்பதைத் தொடர்ந்து குறித்துவருகின்றனர். டான்ஸானியா நாட்டில் இவ்வாறு ஆராய்ந்தோர் 2018-இல் வெளியிட்ட முடிவின்படி, புள்ளியின் வட்டத்தன்மை, ஓரத்தின் நெளிவு என்னும் இயல்புகள் தாயிடமிருந்து கன்றுக்கு வருகின்றன. பெரிய புள்ளிகளையுடைய கன்றுகள் பிறந்த சில மாதங்களில் மிகுதியாய்ப் பிழைக்கின்றன.

உருவம் வந்த வழி

இவ்வுருவம் எவ்வாறு உண்டாயிற்று என்பது பழைய வழக்கு. உயர்ந்த கிளைகளை எட்டியெட்டிக் கழுத்து நீண்டது எனவும், அந்நீட்சி வழிவழி இறங்கியது எனவும் 1809-இல் லாமார்க் கூறினார். எட்டி முயன்றதால் நீண்டதன்று. இயல்பிலேயே சற்று நீண்ட கழுத்துடன் பிறந்தவை பஞ்சகாலத்தில் பிழைத்து, தம்மையொத்த கன்றுகளை ஈன்றமையால் இனம் நீண்டது என 1872-இல் டார்வின் விளக்கினார். ஆண்கள் கழுத்தால் பொருதமையே காரணம் என 1996-இல் இருவர் வாதித்தனர். அங்ஙனமாயின் ஆணின் கழுத்தே உடலளவை நோக்க நீண்டிருத்தல் வேண்டும். அளந்தபோதோ, 2024-இல் வெளிவந்த ஆராய்ச்சியின்படி, பெண்ணின் கழுத்தே அவ்வகையில் நீண்டது. ஆணின் கழுத்து தடித்தது. கருவுற்றும் பாலூட்டியும் வாழும் பெண்ணுக்கு நல்லுணவு எட்டவேண்டிய தேவையே பெரிது என அவ்வறிஞர் கருதினர். வழக்கு இன்னும் முடிந்திலது. ஆயினும், இருநூறு ஆண்டு வாதத்தில் அளவுகோலை எடுத்தோரே அதனை முன்னே நகர்த்தினர் என்பது மாணவர்க்கு நினைக்கத்தக்கது.

நால்வகை

ஒட்டைச்சிவிங்கி ஒரே இனம் என்பதே நேற்றுவரை நூல்களிற் கண்டது. நோக்கிப் பழகிய கண்ணுக்கோ வேற்றுமைகள் தெரியும். வட கென்யாவிலும் அதனை அடுத்த நாடுகளிலும் வாழ்வது வலைச்சிவிங்கி. செம்பழுப்பான பெரிய பல்கோணக் கட்டங்களுக்கிடையே மெல்லிய வெண்கோடுகள் ஓட, மேனியின்மேல் வெள்வலை விரித்தாற்போல் தோன்றுவது. தென் கென்யாவிலும் டான்ஸானியாவிலும் வாழும் மாஸாய்ச்சிவிங்கியின் புள்ளிகள் திராட்சையிலை போல ஓரம் கிழிந்தவை. தென்னாட்டுச் சிவிங்கிக்குப் புள்ளிகள் குளம்புவரை இறங்கும். வடக்கத்திச் சிவிங்கிக்கு முழங்காலின் கீழே புள்ளியின்றி, வெண்காலுறை அணிந்தாற்போல் இருக்கும்.

இவை ஒரே இனத்தின் உள்வகைகள் என்று கருதியிருக்க, 2016-இல் மரபணுக்களை ஆராய்ந்தோர், இவை நான்கும் நெடுங்காலமாகத் தம்முட் கலவாத தனியினங்கள் என்று வெளியிட்டனர். 2025-இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தாரும் நான்கு இனங்கள் என்பதை ஏற்றுக்கொண்டனர்.

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். பயன் எண்ணிக்கையில் இருக்கின்றது. 1985-இல் ஒன்றரை லக்ஷத்துக்கும் மேற்பட்டிருந்தவை 2015-இல் ஒரு லக்ஷத்துக்கும் குறைந்துவிட்டன என அச்சங்கத்தார் 2016-இல் அறிவித்தனர். யானையும் காண்டாமிருகமும் அழிவதை உலகம் பேசிக்கொண்டிருந்த முப்பது ஆண்டுகளில், எல்லாவற்றினும் உயர்ந்து நின்ற இவ்விலங்கு குறைந்துவந்ததை அறிந்தோர் சிலரே. பின்வந்த செவ்விய கணக்கெடுப்பில், தெற்கே தொகை பெருகியதும் சேர, ஒரு லக்ஷத்துக்கு மேல் இருப்பதாகத் தெரிந்தது. அனைத்தும் ஒன்றே எனின் இத்தொகை மனத்துக்கு ஆறுதல் தரும். நான்காகப் பிரித்து நோக்கினால், 2025-இல் தென்னாட்டுச் சிவிங்கி ஏறத்தாழ 69,000 இருக்க, வடக்கத்திச் சிவிங்கி ஏறத்தாழ 7,000 மாத்திரமே இருந்தது. செல்வர் ஒருவரையும் வறியர் ஒருவரையும் கூட்டிச் சராசரி கண்டு, இருவரும் நலமே என்று கூறுவது போன்றது பழைய கணக்கு. காடுகள் வயல்களாவதும், போரும், திருட்டு வேட்டையும் வடக்கத்திச் சிவிங்கியை இந்நிலைக்குக் கொணர்ந்தன. டார்வின் ஈயோட்டிக்கு ஒப்பிட்ட அந்த வாலை அறுத்து மெய்யாகவே கவரியாக்கும் பொருட்டு, 18 அடி விலங்கைக் கொன்று உடலை எறிந்துவிடுவோரும் உளர்.

நோக்கினால் மீட்கவும் கூடும். மேற்கு ஆபிரிக்காவின் நைஜர் நாட்டில், வடக்கத்தி இனத்தைச் சேர்ந்த ஒரு கூட்டம் 1996-இல் 49 என்னும் தொகைக்குச் சுருங்கியது. அரசினர் வேட்டையைத் தடுத்தனர். ஊரார் தம் வயல்களினருகே அவை மேய்வதைப் பொறுத்தனர். ஆராய்ச்சியாளர் புள்ளிகளைக் கொண்டு ஒவ்வொன்றையும் அடையாளங்கண்டு ஆண்டுதோறும் எண்ணினர். இன்று அக்கூட்டம் 600-க்கு மேற்பட்டது. வேடிக்கை பார்க்க மாத்திரம் பயன்பட்டுவந்த புள்ளிகளே அவற்றைக் காக்கும் கணக்கேட்டின் எழுத்துக்களாயின.

ஒட்டகமும் சிறுத்தையும் சேர்ந்தது என்று முன்னோர் பெயரிட்டதில் குற்றமில்லை. தாம் அறிந்ததைக் கொண்டே அறியாததைக் குறித்தனர். அப்பெயரோடு நம் நோக்கமும் நின்றுவிட்டதே குற்றம். அடுத்தமுறை விலங்குச்சாலையின் வேலிக்கருகில் நிற்க நேர்ந்தால், கழுத்தைக் கண்டு வியந்தபின் உடனே திரும்பிவிடாது, கொம்பின் நுனியில் மயிர் உண்டா, முழங்காலின் கீழ்ப் புள்ளி உண்டா, புள்ளியின் ஓரம் நேரா நெளிவா என்பவற்றைச் சற்றே நின்று நோக்குக. அவ்வளவு நேரமேனும் அவ்விலங்கு வேறொன்றன் கலப்பாகத் தோன்றாது, தானாகவே நம் கண்முன் நிற்கும்.